டோரஸ், ஃபிளேட்டா, ராமிரெஸ்: மூன்று கிதார் மேற்பலகைகளைச் செய்து அளந்த பதிவு

ஸ்பெயினின் செவ்வியல் கிதார்களை ஒப்பிடுவோர் முதலில் பார்ப்பது மேற்பலகையின் உட்புறத்தில் விசிறி போல் விரித்து ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய மரக்கீற்றுகளான விசிறிச் சட்டங்களைத்தான். சட்டங்கள் ஏழா ஒன்பதா, சமச்சீரா ஒரு பக்கம் சாய்ந்தவையா என்பதை வைத்தே இது இன்னாருடைய பாணி என்று சொல்லிவிடுகிறார்கள். விற்பனைக்குக் கிடைக்கும் வரைபடங்களும் அந்த அமைப்பை மில்லிமீட்டர் பிசகாமல் காட்டுகின்றன. பலகையின் தடிமன் மட்டும் ஓரத்தில் ஓர் எண்ணாக நின்றுவிடுகிறது. மூன்று கைவினைஞர்களின் முறைப்படி மூன்று மேற்பலகைகளைச் செய்து அளந்து, அவற்றில் இரண்டை முழுக் கிதார்களாக முடித்து, தந்தி கட்டி வாசித்துப் பார்த்த பிறகு, சட்ட அமைப்பைத் தனியே எடுத்து ஒப்பிடுவதில் பயன் மிகக் குறைவு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். தடிமனும், பலகையின் நடு சற்றே மேடாக எழும் குவிவும், சட்டமும் சேர்ந்தே ஒரு வடிவமைப்பு ஆகின்றன. அந்த முடிவுக்கு இட்டுச்சென்ற வேலையை அதன் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

அந்தோனியோ டி டோரஸ் (1817–1892) அல்மேரியாவைச் சேர்ந்தவர். தம் முதல் காலக் கிதார்களைச் செவில் நகரில் செய்தார். விசிறிச் சட்டங்களை முதலில் வைத்தவர் அவர் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே செவிலின் பிரான்சிஸ்கோ சாங்கினோவும் காதிஸ் நகரின் பாஹேஸ் குடும்பத்தாரும் அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். டோரஸ் செய்தது வேறு. உடலைப் பெரிதாக்கினார், பலகையை மெல்லியதாக்கிக் குவித்தார், ஏழு சட்டங்களை அந்தப் பலகைக்குப் பொருந்தப் பரப்பினார், தந்தி நீளத்தை 650 மி.மீ. அளவில் நிறுத்தினார். ஒலியின் உயிர் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக 1862இல் பக்கங்களையும் அடியையும் காகித அட்டையால் செய்த கிதார் ஒன்று இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இக்னாசியோ ஃபிளேட்டா (1897–1977) பார்சிலோனாவில் வயலின், செல்லோ போன்ற வில்லிசைக் கருவிகளைச் செய்துவிட்டுக் கிதாருக்கு வந்தவர். ஒன்பது சட்டங்களும், அவற்றுக்கு மேலே சாய்வாக ஓடும் ஒரு குறுக்குச் சட்டமும், கனமான கட்டுமானமும் அவருடைய அடையாளம். மாட்ரிடின் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் (1922–1995) பெரிய அரங்குகளை நிரப்பும் ஒலியைத் தேடினார். 1960களில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்துக்குப் பதிலாக வட அமெரிக்கச் செஞ்சீடர் மரத்தை மேற்பலகைக்குக் கொண்டுவந்தார், தந்தி நீளத்தை 664 மி.மீ. ஆக்கினார். டோரஸுக்கும் இவருக்கும் இடையே இவருடைய தாத்தாவின் தம்பியான மானுவேல் ராமிரெஸின் பட்டறை நிற்கிறது. அங்கே 1912இல் உருவாகி ஸ்பானியக் கிதார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியாவின் கைக்குச் சென்ற கிதார் இப்போது நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தப் பட்டறையில் வேலை செய்த சாந்தோஸ் எர்னாண்டஸையும் சேர்த்து நான்கு பலகைகள் செய்ய ஆசை இருந்தது. மரம் போதாததால் மூன்றோடு நிறுத்தினேன்.

முதல் வேலை சோலேரா. ஸ்பானிய முறையில் கிதாரை முகம் கீழாக வைத்துக் கட்டுகிறார்கள். மேற்பலகை, கழுத்து, பக்கங்கள், கடைசியில் அடிப்பலகை என்று எல்லாம் ஒரே பணிப்பலகையின் மேல் ஒன்றுசேர்கின்றன. அந்தப் பணிப்பலகைதான் சோலேரா. இரண்டு 18 மி.மீ. பிளைவுட்களை ஒட்டி, பிரிட்ஜ் (மேற்பலகையில் தந்திகளைக் கட்டும் கட்டை) வரும் இடத்தில் 2.5 மி.மீ. ஆழமும் ஓரத்தை நோக்கிப் படிப்படியாகக் குறையும் சரிவும் கொண்ட குழியை அதில் செதுக்கினேன். வளைந்த ஸ்கிரேப்பரால் (மரத்தைச் சுரண்டும் எஃகுத் தகடு) பெரும்பகுதியை எடுத்துவிட்டு, 80 எண் உப்புத்தாளால் மேடு பள்ளங்களைச் சமன்செய்தேன். எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து, அதன் அடியில் தடிமன் குறித்த மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து ஆழத்தைச் சரிபார்த்தேன். மூன்று பலகைகளுக்கும் இதே சோலேராதான். குவிவு மாறினால் ஒப்பீடு குலைந்துவிடும் என்று அப்போது நினைத்தேன். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

அறையின் ஈரப்பதத்தை 45 விழுக்காட்டில் நிறுத்தாமல் சட்டம் ஒட்டக் கூடாது. ஈரமான காற்றில் விரிந்திருக்கும் பலகையில் குறுக்குச் சட்டத்தை ஒட்டிவிட்டால், பின்னர் வறண்ட இடத்துக்குப் போகும்போது பலகை சுருங்க முயலும், சட்டம் விடாது, பலகை ரேகை வழியே வெடிக்கும். ஈரநீக்கிக்கு ஆன ₹15,500தான் இந்த முழு வேலையில் தனிப்பொருளுக்கான மிகப் பெரிய செலவு. அதைத் தவிர்க்க வழியே இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

டோரஸுக்கும் ஃபிளேட்டாவுக்கும் ஒரே ஸ்புரூஸ் கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகளை எடுத்துக்கொண்டேன். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்த்து ஒவ்வொன்றும் ₹8,500 ஆயிற்று. ராமிரெஸுக்கான சீடர் ₹7,200. பக்கங்களுக்கும் அடிக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம். பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபோது ஸ்பானியப் பட்டறைகள் திரும்பியது இந்த மரத்தின் பக்கம்தான். ஆகவே இது வசதிக்காகச் செய்த மாற்று ஆகாது. உரிமம் பெற்ற மர அறுவை ஆலையில் ஒரே பலகையிலிருந்து இரண்டு கிதார்களுக்கான துண்டுகளை, ஒரு கிதாருக்கு ₹11,000 என்ற விலையில் அறுத்து வாங்கினேன்.

தடிமன் இழைப்பில் அவசரம் காட்டக் கூடாது. இழைப்புளியின் வாயை மிகக் குறுக்கி, சுருள் காகிதம் போல வரும்படி அலகை அமைத்துக்கொண்டு, 3 மி.மீ. வரை இழைத்தேன், அதன் கீழே ஸ்கிரேப்பர் மட்டும். ஃபிளேட்டா பலகையை முழுவதும் 2.8 மி.மீ., ராமிரெஸ் சீடரை முழுவதும் 2.6 மி.மீ. என்று வைத்தேன். டோரஸ் பலகையை நடுவில் 2.5, ஓரத்தில் 2.2 மி.மீ. என்ற அளவில் நிறுத்தினேன். டோரஸின் பலகைகள் ஓரத்தில் இதைவிட எவ்வளவோ மெல்லியவை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் ஸ்புரூஸ் ஓரத்தை 1.6 மி.மீ. வரை கொண்டுபோக அந்த நிலையில் கை வரவில்லை. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தத் தயக்கமே இந்தச் சோதனையில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது.

சட்டங்களுக்கான ஸ்புரூஸை வாளால் அறுக்காமல் வெட்டுக்கத்தியும் சுத்தியலும் வைத்துப் பிளந்தேன். பிளந்த துண்டில் நார் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடும். அறுத்த துண்டில் நார் பாதியில் வெளியேறிவிடும், அந்த இடத்தில் சட்டம் வலுவிழக்கும். டோரஸ் சட்டங்கள் 6 மி.மீ. அகலம், 3.5 மி.மீ. உயரம், முனைகளை நோக்கித் தணிந்து செல்பவை. நான் பின்பற்றிய வரைபடத்தில் ஏழு கோடுகளையும் மேலே நீட்டினால் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு (விரற்பலகையில் பதித்த உலோகக் கம்பி) அருகே கூடுகின்றன. கீழ் ஓரத்தில் இரண்டு சிறு சட்டங்கள் சாய்வாக வந்து விசிறியை மூடுகின்றன. ராமிரெஸ் வரைபடத்தில் ஆறு சட்டங்கள். அவற்றோடு ஒலித்துளைக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்திலிருந்து மெல்லிய தந்திகளின் பக்கம் சாய்ந்து இறங்கும் உயரமான சட்டம் ஒன்று. அந்தப் பக்கத்தை மட்டும் விறைப்பாக்குவதே அதன் வேலை.

ஒட்டுவதற்கு விலங்குப் பசையான வஜ்ரம். இரவே ஊறவைத்து, 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் பாத்திரத்தை வைத்துக் கரைத்தேன். தடவியபின் அது இறுகத் தொடங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எனவே பலகையையும் சட்டத்தையும் முன்னதாகவே ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு முறுக்கிக்கொண்டிருக்க நேரமிருக்காது. சோலேராவுக்கு மேலே ஒரு தட்டி அமைத்து, இரண்டுக்கும் இடையே மூங்கில் பிளாச்சுகளை வளைத்துச் செருகினேன். ஒவ்வொரு பிளாச்சும் நிமிர முயன்று சட்டத்தைக் குழிக்குள் அழுத்துகிறது. சட்டத்தின் அடிப்பக்கம் குழியின் வளைவுக்கு முன்பே இழைக்கப்பட்டிருந்தால் ஓரங்களில் வஜ்ரம் ஒரே சீராகப் பிதுங்கி வரும். எங்காவது பிதுங்காமல் இருந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது என்று பொருள். உடனே கழற்றிவிட வேண்டும்.

அளப்பதற்குக் கிதார் வடிவில் உள்ளே வெட்டியெடுத்த பிளைவுட் சட்டகம் ஒன்றைச் செய்து, பலகையின் ஓரம் முழுவதையும் அதில் இறுக்கினேன். பிரிட்ஜ் வரும் இடத்தில் 2 கிலோ எடையை வைத்து, அடியிலிருந்து டயல் கேஜால் பலகை எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்தேன். சட்டம் ஒட்டுவதற்கு முன் டோரஸ் பலகை 0.62 மி.மீ., ஃபிளேட்டா 0.37, ராமிரெஸ் 0.57 தாழ்ந்தன. சட்டங்கள் ஒட்டிய பிறகு அதே வரிசையில் 0.37, 0.23, 0.34. பலகைகளின் நடுவிலிருந்து இரு புறமும் 60 மி.மீ. தள்ளி எடையை வைத்தபோது டோரஸ் பலகை ஏறக்குறைய ஒரே அளவு தாழ்ந்தது. ராமிரெஸ் பலகை தடித்த தந்திகளின் பக்கம் 0.30, மெல்லிய தந்திகளின் பக்கம் 0.22 என்று தாழ்ந்தது. சாய்ந்த சட்டம் தன் வேலையைச் செய்கிறது என்பது இதில் தெளிவு.

ஆனால் நடுப்பகுதி எண்களைப் பாருங்கள். நூறாண்டு இடைவெளியும், வேறு மரமும், வேறு சட்ட அமைப்பும் கொண்ட இரண்டு வடிவமைப்புகள் 0.37, 0.34 என்று ஏறக்குறைய ஒரே விறைப்பில் வந்து நிற்கின்றன. வரைபடம் டோரஸுடையது; பலகை அவருடையதாக இல்லை. எடையைக் கணக்கிட்டபோது காரணம் இன்னும் துலக்கமாயிற்று. ஏழு விசிறிச் சட்டங்களும் இரண்டு மூடு சட்டங்களும் சேர்ந்து 12.6 கிராம்தான். சுமார் 0.13 சதுர மீட்டர் பரப்புள்ள ஸ்புரூஸ் பலகையில் முழுவதுமாக 0.2 மி.மீ. இழைத்தால் போகும் எடை பத்து கிராமுக்கு மேல்! விறைப்போ தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது, 2.4 மி.மீ. பலகை 2.2 மி.மீ. பலகையைவிட ஏறத்தாழ முப்பது விழுக்காடு விறைப்பு மிகுந்தது. சட்டங்களின் எண்ணிக்கையைப் பற்றி நாம் பேசுகிற பேச்சில் பாதியாவது இந்த 0.2 மி.மீட்டரைப் பற்றி இருந்திருக்க வேண்டும். சட்டத்துக்கும் அதே விதிதான்: 4 மி.மீ. உயரச் சட்டத்தை 3.5 ஆக்கினால் அதன் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. டோரஸ் தம் சட்டங்களை உயர்த்தாமல் பரப்பிவைத்ததன் நியாயம் எனக்கு இங்கேதான் விளங்கியது: மெல்லிய பலகையில் உயரமான சட்டம் நின்றால் சட்டத்தின் மேல் விறைப்பும் இடையில் தளர்வுமாகப் பலகை துண்டுபடும், தாழ்ந்த ஏழு சட்டங்கள் அந்த விறைப்பைப் பரப்பு முழுவதும் பகிர்ந்துவிடுகின்றன.

டோரஸ் பலகையை அந்த நிலையிலேயே கிதாராகக் கட்டி, பாலிஷ் போடுமுன் பிரிட்ஜ் ஒட்டித் தந்தி கட்டினேன். பக்கங்களை வளைப்பதும், அவற்றைக் கழுத்தின் அடிக்கட்டையில் வெட்டிய பள்ளங்களில் செருகுவதும், மேற்பலகையோடு சிறு முக்கோணத் துண்டுகளால் ஒவ்வொன்றாக ஒட்டுவதும் பலர் விளக்கிய வேலைகள்; அவற்றை இங்கே விரிக்கவில்லை. தந்திகளைத் துணியால் அமர்த்திவிட்டு, பிரிட்ஜின் மேல் விரலால் தட்டி, கைபேசிச் செயலியில் அதிர்வெண்ணைப் பார்த்தேன். மேற்பலகையின் முதன்மை அதிர்வு 214 ஹெர்ட்ஸ், உள்காற்றின் அதிர்வு 104 ஹெர்ட்ஸ். ஒலி தெளிவாக இருந்தது. ஆனால் கீழ்த் தந்திகளில் ஆழம் இல்லை, மெல்ல மீட்டினால் பதில் தரத் தயங்கியது.

அதன்பிறகுதான் முன்பு விட்டுவைத்த ஓரத்துக்கு வந்தேன். பெட்டி மூடிய பிறகு தடிமனை அளக்கக் காந்தத் தடிமன் மானி தேவை. அதை இரவல் பெற்றேன். கீழ் வளைவின் ஓரத்தை ஒட்டி, சுமார் 60 மி.மீ. அகலப் பட்டையில், 2.2 மி.மீட்டரை 1.7 வரை ஸ்கிரேப்பரால் இறக்கினேன். இரு பக்கமும் சமமாக எடுத்து, சிறிது எடுத்தவுடன் தட்டிக் கேட்டு, மீண்டும் எடுத்தேன். எடுக்க எடுக்கத் தட்டும் ஒலி கீழிறங்குவது செயலி இல்லாமலே காதுக்குத் தெரிந்தது. உதிர்ந்த தூளையும் சுருளையும் சேர்த்து நகைத் தராசில் நிறுத்தபோது 6 கிராம் இருந்தது. முதன்மை அதிர்வு 191 ஹெர்ட்ஸுக்கும் உள்காற்றின் அதிர்வு 99 ஹெர்ட்ஸுக்கும் இறங்கின. நடுவில் எதையும் தொடவில்லை, சட்டத்தில் கை வைக்கவே இல்லை. இருந்தும் கிதார் வேறாகிவிட்டது. நகத்தின் நுனியால் தொட்டாலே ஆறாம் தந்தி பெருகி எழுகிறது. தடித்த நடுவும் மெல்லிய ஓரமும் சேரும்போது பலகை முழுவதும் ஒரே தகடாக, ஓரத்தைக் கீலாகக் கொண்டு மேலும் கீழும் அசைகிறது. டோரஸின் விசிறி இந்த அசைவுக்காக வரையப்பட்டது என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

இந்த நிலையில் ஒரு சிறு சோதனையையும் செய்தேன். டோரஸ் தம் சில கிதார்களில், 1856இல் செய்த ‘லா லியோனா’ உட்பட, ஒலித்துளையிலிருந்து உள்ளே இறங்கும் உலோகக் குழாய் ஒன்றை வைத்திருந்தார். அதற்குத் தோர்னாவோஸ் என்று பெயர். தடித்த அட்டையால் 40 மி.மீ. நீளக் குழாய் செய்து துளையில் பொருத்தியபோது உள்காற்றின் அதிர்வு 99இலிருந்து 87 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. கீழ் ஸ்தாயி அகன்றது, ஆனால் சொற்கள் விழுங்கப்படுவது போல மேல் தந்திகளின் தெளிவு மங்கியது. அட்டைக்குப் பதில் பித்தளைத் தகட்டில் செய்தால் என்னாகும் என்பதை அடுத்த முறை பார்க்க வேண்டும்.

ராமிரெஸ் கிதாரின் கட்டுமானம் வேறொரு சிந்தனையிலிருந்து வருகிறது. ஈட்டிப் பக்கங்களின் உட்புறத்தில் சைப்ரஸ் பலகையை ஒட்டி அவற்றை இரட்டைத் தடிமனாக்குகிறார்கள். பக்கங்கள் அசையாமல் நின்றால் தந்தியின் ஆற்றல் மேற்பலகையிலேயே தங்கும் என்பது அதன் அடிப்படை. இந்த ஒட்டு வேலைக்கு வஜ்ரத்தைப் பயன்படுத்தவில்லை. அதன் ஈரத்தில் மெல்லிய பக்கங்கள் நெளியும் என்பதால் எப்பாக்ஸி. தந்தி நீளம் 650இலிருந்து 664 மி.மீட்டருக்குப் போகும்போது அதே தந்தி, அதே சுருதியில் இழுவிசை 4.4 விழுக்காடு கூடுகிறது. மொத்தம் 39 கிலோ இழுக்கும் தந்தித் தொகுதி ஏறத்தாழ 40.7 கிலோ இழுக்கும். விரலுக்கும் வேறுபாடு தெரியும்: கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை 134.1 மி.மீ. இருந்தது 137 மி.மீ. ஆகிறது. இந்தக் கூடுதல் இழுவிசைக்கு ஈடுகொடுக்கத்தான் 2.6 மி.மீ. சீடரும் சாய்ந்த சட்டமும். இதன் ஓரத்தை நான் மெல்லியதாக்கவில்லை. முதன்மை அதிர்வு 205 ஹெர்ட்ஸில் நின்றது. கிதாரின் எடை 1.71 கிலோ, டோரஸ் கிதார் 1.28 கிலோ.

இரண்டையும் ஒரே அறையில் அடுத்தடுத்து வாசிக்கும்போது ராமிரெஸ் கிதார் விரலிடம் அதிக உழைப்பைக் கேட்கிறது; கொடுத்தால், முதல் தந்தியில் பன்னிரண்டாம் ஃபிரெட்டைச் சுற்றிய ஸ்வரங்கள் பருமனாக நீண்டு நிற்கின்றன. அதே இடத்தில் டோரஸ் கிதாரின் ஸ்வரம் விரைவில் எழுந்து விரைவில் அடங்குகிறது. பெரிய அரங்கில் தனி வாசிப்பு என்றால் ராமிரெஸைத் தேர்வேன். ஸ்பானியக் கிதார் இசையமைப்பாளர் பிரான்சிஸ்கோ தார்ரேகாவின் சிறு உருப்படிகளை வீட்டில் வாசிக்க டோரஸைத்தான் எடுக்கிறேன். தார்ரேகா 1864ஆம் ஆண்டின் டோரஸ் கிதாரை வைத்திருந்தவர் என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

ஃபிளேட்டா பலகை இன்னும் பலகையாகவே இருக்கிறது. 0.23 மி.மீ. மட்டுமே தாழும் அந்த விறைப்பைப் பார்த்துவிட்டு, சட்டங்களைத் தணித்துவிடலாமா என்று முதலில் எண்ணினேன். டோரஸ் பலகையில் கற்ற பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். ஒன்பது சட்டங்களும் சாய்ந்த சட்டமும் 22 கிராம். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த விறைப்பைத் தாங்கக்கூடிய கனமான பக்கங்களும் அடியும் அதற்கு அமைய வேண்டும். அதற்கான ஈட்டி இன்னும் வாங்கவில்லை.

கருவிகளை நீக்கிப் பார்த்தால் ஒரு கிதாருக்கான பொருட்செலவு ஏறத்தாழ ₹32,000: மேற்பலகையும் ஈட்டியும் போக, முறுக்காணிகளுக்கு ₹5,000, கழுத்துக்கான மகோகனிக்கு ₹3,000, கருங்காலி விரற்பலகைக்கு ₹2,200, எலும்பு, ஃபிரெட் கம்பி, தந்தி, அரக்கு எல்லாம் சேர்ந்து மீதி. டயல் கேஜ் ₹2,800. அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்க்கும் பிரெஞ்ச் பாலிஷ்தான் இரண்டுக்கும், 1.7 மி.மீ. ஓரத்தின் மேல் தடித்த வார்னிஷ் பூச மனம் ஒப்பவில்லை.

அடுத்த முறை மூன்று மாற்றங்கள் செய்வேன். ஒவ்வொரு வடிவமைப்புக்கும் தனித்தனிச் சோலேரா வேண்டும். ஒரே குவிவை மூன்றுக்கும் வைத்தது எண்களை ஒப்பிட உதவியது, ஆனால் மெல்லிய டோரஸ் பலகைக்கு 3 மி.மீ. குவிவு கூடுதல் துணையாக இருந்திருக்கும், அப்போது நடுவையும் 2.3 வரை இறக்கியிருக்கலாம். பலகையின் ஓரத்தைச் சட்டம் ஒட்டுவதற்கு முன் 1.9 மி.மீ. வரையாவது கொண்டுவந்துவிட்டு, எஞ்சியதை மட்டும் பெட்டி மூடிய பின் எடுப்பேன்; முழுவதையும் கடைசிக்கு விட்டால் ஓரக்கட்டு மரத்தின் விளிம்பையும் சேர்த்துச் சுரண்டிவிடும் அபாயம் இருக்கிறது. சீடரில் 650 மி.மீ. தந்தி நீளத்தோடு, ராமிரெஸின் சாய்ந்த சட்டத்தை 15 மி.மீ. உயரத்திலிருந்து 11 ஆகத் தணித்து ஒரு கிதார் கட்டிப்பார்ப்பேன். அதற்கான சீடர் பலகையை 2.9 மி.மீ. வரை இழைத்து, எடையும் ரேகை எண்ணிக்கையும் அதன் மூலையில் பென்சிலால் குறித்து, ஈரநீக்கி ஓடும் அறையில் அடுக்கி வைத்திருக்கிறேன்.